சாக்கின் எடை

தியேட்டர் மூலையில் ஒரு தராசு.
கேக் அடிக்கிறவர்கள் வைத்திருக்கும் சின்னத் தராசு,
கிளிநொச்சிச் சந்தைக்குப் பின்னால்
என் காசில் வாங்கினது.
அதில்தான் நான் இரத்தம் நிறுக்கிறேன்.

உலர்ந்த துணி இருபது கிராம்.
நனைந்து வந்ததில் இருபதைக் கழித்தால்
மிச்சம் ஆள் இழந்தது.

இன்று மேசையில் கனகேஸ்வரி.
ஊர் முழங்காவில், வருத்தம் முழங்கால்.
கிளினிக் கொப்பியில்
பதிகிற பிள்ளை இரண்டையும் மாற்றி எழுதிவிட்டு
வெட்டித் திருத்தினாள்.
சங்கக்கடையில் முப்பத்தொரு வருசம்
நின்றபடி அரிசி நிறுத்தவர்.
தேய்ந்தது அந்த நிற்றலில்தான் என்கிறார்,
முறைப்பாடு மாதிரி இல்லை,
இருப்புக் கணக்கு மாதிரி.

ஏ நெகட்டிவ்.
இரத்த வங்கியில் சுதேசன் இரண்டு விரல் காட்டினான்.
இரண்டு பைக்கற். மாவட்டத்துக்கே.
வெளியே எடுத்து அரைமணி கடந்தால்
திருப்பி வைக்க ஏலாது.
கேட்காமல் முடிக்கப் பாருங்கோ மிசி, என்றான்.

முடிக்கிற வேலை
ஆறு கிழமைக்கு முன்னமே தொடங்கியிருந்தது.
ஒன்பது தசம் நாலில் வந்தவரை
டொக்டர் மரியதாஸ் திருப்பி அனுப்பினார்:
இரும்புக் குளிசை, தேசிக்காய்த் தண்ணி,
சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ கூடாது.
பன்னிரண்டு தசம் ஒன்றில்
கொப்பியோடு திரும்பி வந்தார்.
ஒவ்வொரு குளிசைக்கும் ஒரு கோடு.
பிளேன்ரீ குடித்த இரண்டு நாளும்
சிவப்பு மையில்.

வெட்டுக்கு முன்னம்
ஒரு கிராம் மருந்து நரம்பால் போனது.
உறைந்ததைக் கரையவிடாத மருந்து.
குளிர்ந்த உடம்பில் இரத்தம் உறையாது என்று
மயக்க டொக்டர் ஃபஸ்னா ஏசியைக் குறைத்தார்.
எங்களுக்கு வேர்த்தது.

தொடையில் பட்டி சுற்றியிருந்தது.
காற்று அடிக்கவில்லை.
இறுக்கினால் இப்ப மேசை சுத்தம்,
கணக்கு இரவு வார்ட்டில் வரும், என்றார் மரியதாஸ்.
கசிகிற இடத்தைத் தேடித் தேடிச் சுட்டார்.
தொடையெலும்பில் துளைத்த ஓட்டையை
அவருடைய எலும்புத் துண்டாலேயே அடைத்தார்,
போத்தலுக்குத் தக்கை வைக்கிற மாதிரி.

இறுக்கின கட்டு என்றால்
எனக்கு ஒரு பள்ளிக்கூட வாங்குதான் தெரியும்.
கிழித்த சாரம், உள்ளே செருகி முறுக்கின அடிமட்டம்.
கட்டின நேரத்தை நெற்றியில் எழுதுவோம்.
பேனை முடிந்த பிறகு
நேரத்தைச் சத்தமாகச் சொன்னோம்,
பக்கத்தில் யாராவது ஞாபகம் வைத்திருக்கட்டும் என்று.
அந்தக் கிழமைகளில் ஒருவரும் நிறுக்கவில்லை.
நிறுக்கத் துணியும் இல்லை.

துணி பத்து.
நானூற்றுப் பன்னிரண்டில் இருநூறு போக
இருநூற்றுப் பன்னிரண்டு.
உறிஞ்சின சாடியில் நானூற்று எண்பது,
கழுவ ஊற்றின உப்புத்தண்ணி முந்நூற்றைம்பது போக
நூற்று முப்பது.
இரண்டு தரம் கூட்டினேன்.
மூன்றாம் தரம் விரலால்.
மூட முன்னம் மூட்டுக்குள்ளேயும்
அதே மருந்தை ஊற்றினார்கள்.
சுதேசனுக்கு நான் ஃபோன் எடுக்கவில்லை.

பின்னேரம் வார்ட்டில் காலை மடித்து வைத்திருந்தார்,
கீழே தலையணை.
கட்டில் தீவு மாதிரி ஒரு சின்னச் சிவப்பு,
பேனையால் சுற்றிக் கோடு போட்டு, நேரம் எழுதி.
இந்த முறை பேனையில் மை இருந்தது.

எவ்வளவு போச்சுது மிசி?

முந்நூற்று நாற்பத்திரண்டு மில்லி.
ஒரு சோடாப் போத்தல் அளவு.

சாக்கைக் கழிச்சனியளோ?

கழிச்சனான் அம்மா.

கொஞ்ச நேரம் முகட்டைப் பார்த்தார்.
கையுறையில ஒட்டினது?
நிலத்தில சிந்தினது?

நான் வாய் திறக்கவில்லை.

கடையிலயும் உப்பிடித்தான்,
சிந்தினதுக்கு ஒரு பிடி எழுதோணும்.
இல்லாட்டி வருசக் கடைசியில இடிக்கும்.
சொல்லிவிட்டு
மற்றப் பக்கம் தலையைத் திருப்பி நித்திரையானார்.

தியேட்டருக்குத் திரும்பி வந்து
பதிவை எடுத்து
எண்ணுக்கு முன்னால்
கொஞ்சம் இடம் இருந்ததில்
சுமார் என்று எழுதினேன்.