பனி என்று சொல்லுங்கள்

ஸ்டோர் ரூம் சாவி இது, தாஹிரா.
பூட்டு உப்புக்காற்றில் இறுகிப்போயிருக்கும்,
தேங்காய் எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டால் திறக்கும்.
உள்ளே ஏழு கூடாரம். ஆறுதான் தேறும்.
ஏழாவதைத் தூக்கிப்போட மனசு வராமல் வைத்திருக்கிறேன்.
நீங்கள் போட்டுவிடுங்கள்.

அரியமான் மணலில் முளைக்குச்சி நிற்காது.
வாங்கிக்கொள்வது மாதிரி வாங்கி
ராத்திரிக் காற்றில் விட்டுவிடும்.
உரச்சாக்கில் மணல் ரொப்பி, கயிற்றைக் கட்டிப் புதைக்க வேண்டும்.
கையேட்டில் இது கிடையாது.
நம்புவேல் சொன்னது,
அப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது.

முடிச்சு வகுப்பை நீங்கள் எடுக்காதீர்கள்.
முதல் வருஷம் நான் எடுத்தேன்.
வீடு வீடாய் மீட்டர் பார்த்து எழுதுகிற கை,
படத்தைப் பார்த்துப் பார்த்துப் போட்ட முடிச்சு.
கடைசி வரிசையில் நாலு பேர் சிரிப்பை அடக்கினார்கள்,
கரையில் படகு கட்டுகிற வீட்டுப் பிள்ளைகள்.
இன்னாசியாள் எழுந்து வந்து
ஒற்றைக் கையால் போட்டுக் காட்டினாள்.
மற்றக் கையில் முறுக்கு.
அன்றிலிருந்து அவள் வாத்தியார்,
நான் வருகைப் பதிவேடு.

எண்ணுங்கள்.
பஸ் ஏறும்போது, இறங்கும்போது,
தண்ணீரில் கால் வைக்கும் முன், வெளியே வந்த பின்.
தலையை எண்ணாதீர்கள், பெயரைக் கூப்பிட்டு எண்ணுங்கள்.
பந்து பொறுக்க வந்த பக்கத்து ஊர்ப் பையன்
ஒருநாள் என் வரிசையில் நின்று
என் கணக்கைச் சரியாக்கிவிட்டான்.

பெண்கடல்தானே, குளம் மாதிரிதானே என்பார்கள் பெற்றோர்.
முழங்கால் வரைதான்.
சொறி மீன் ஒதுங்குகிற நாளில் அதுவும் இல்லை.
மருந்துக்கடைக்காரரிடம்
முதலுதவிப் பெட்டியைப் பற்றி நான் என்ன சொல்ல?
கருவமுள் எடுக்க நல்ல இடுக்கி ஒன்று மட்டும் வாங்குங்கள்,
இருப்பது வளைந்துவிட்டது.

எந்தப் பிள்ளையோடும் தனியாக இருக்காதீர்கள்,
நீங்கள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.
திட்டினாலும் தேற்றினாலும்
இன்னொரு பெரியவர்
கண்ணுக்கு எட்டும் தூரத்தில், காதுக்கு எட்டாத தூரத்தில்
நிற்கட்டும்.
இந்த இடைவெளியை அளந்து முடிக்க
எனக்கு மூன்று முகாம் ஆயிற்று.

எழுதலாமா என்று யோசித்தது இனிமேல்தான்.

விடியக்காலை எண்ணினேன். இருபத்திரண்டு.
மறுபடி. இருபத்திரண்டு.
களஞ்சியத்தைக் காணோம்.
விசிலை எடுத்து ஊதிய ஊதலில்
கரைவலை இழுத்தவர்கள்கூடக் கயிற்றை நிறுத்திப் பார்த்தார்கள்.
எல்லோரையும் ஓட்டிக்கொண்டு ஓடினேன்.
சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம்
அலை தொடுகிற இடத்தில் குனிந்து
ஜமக்காளத்தை அலசிக்கொண்டிருந்தான்.

எதை அலசுகிறான் என்று
எல்லோருக்கும் புரிந்தது.
எல்லோரையும் கூட்டி வந்து நிறுத்தியவன் நான்.

அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை.
அதற்கடுத்ததும்.
சாரணர் ஸ்கார்ஃபை அவன் அம்மா
துவைத்து, இஸ்திரி போட்டு, பையில் வைத்துக் கொடுத்தனுப்பினார்.
கசங்கியே வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆகையால் பாய் மூன்று கூடுதலாக எடுத்துப்போங்கள்.
எழுந்ததும் முதல் வேலை,
எல்லோரும், நீங்களும்,
விரிப்பை உதறிக் கொடியில் போடுவது.
எது ஈரம், யாருடையது என்று யாராவது கேட்டால்
பனி என்று சொல்லுங்கள்.
சித்திரை மாதமாக இருந்தாலும் பனிதான்.
யாராவது குறைந்தால் ரெண்டு பெரியவர்கள் உடனே தேடிப் போங்கள்,
மற்றவர் பிள்ளைகளோடு இருக்கட்டும்.
கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

போன மாதம் உச்சிப்புளியில் ஒரு வீட்டுக்கு மீட்டர் பார்க்கப் போனேன்.
கதவைத் திறந்தது களஞ்சியம். மீசை வந்திருக்கிறது.
"எவ்வளவு சார்?"
யூனிட்டைச் சொன்னேன்.
"சரி சார்."
கேட்டைச் சாத்தும்போது நாய் வெளியே வராமல்
காலால் தடுத்துக்கொண்டான், எனக்காக.

தண்ணீர் லாரி நம்பர்
ஸ்டோர் ரூம் சுவரில் கரியால் எழுதியிருக்கிறேன்.
ஏழு மணிக்கு என்றால் ஒன்பதுக்கு வருவார்.
ஏழுக்கே வேண்டுமென்றால்
ஐந்து என்று சொல்லுங்கள்.