சைன் நூற்றைம்பது

அலஸானி ஆற்றுக்கு இக்கரையில்
முக்கோணமாய் ஒரு திராட்சைத் தோட்டம்.
சாலையோரம் நூற்றிருபது மீட்டர்.
எதிர்முனையில் ஒரே ஒரு அக்ரூட் மரம்,
அதற்குப் பின்னால்
வெயிலுக்கு மசியாத காகசஸ் பனி.

உயிலில் தகப்பன் எழுதியது இவ்வளவுதான்:
சாலையின் நட்டநடுவிலிருந்து மரத்துக்கு
ஒரு கம்பி இழுங்கள். ஆளுக்கொரு பக்கம்.

தெலாவியிலிருந்து ஜீப்பில் வந்து
முக்காலியில் நான் கருவியைப் பூட்டும்போது
அக்காளும் தங்கையும் நின்றார்கள்
சாலையின் இரண்டு கோடியில்,
என்னிலிருந்து அறுபது அறுபது மீட்டரில்.
எனக்கு வசதிதான்.
குறிக்கோல் பிடிக்க ஆள் தேட வேண்டியதில்லை.

முளையடித்த இடத்திலிருந்து மரத்தைப் பார்த்தேன்.
ஆடிக்குள் ஒரு இலை நடுங்கியது.
தூரம் எண்பது.
நதேலா பக்கம் முப்பது பாகை,
குலிகோ பக்கம் நூற்றைம்பது.

குறுங்கோணக்காரி பார்த்தாள்:
தன் பங்கு பாதி மடக்கிய பேனாக்கத்தி.
தங்கையின் பங்கோ
காலை நீட்டிப் படுத்துக் கிடக்கும் எருமை.
"சாகும்போதும் அவருக்குச் சின்னவள்தான்" என்றாள்,
காற்றைப் பார்த்து.

ஜீப்பின் மூக்கில் தாளை விரித்தேன்.
அறுபதை எண்பதால் பெருக்கு. பாதியாக்கு.
இடைக்கோணத்தின் சைனால் மறுபடி பெருக்கு.
சைன் முப்பது, அரை.
ஆயிரத்து இருநூறு சதுர மீட்டர்.
இனி விரிந்த பக்கம்.
அதே அறுபது, அதே எண்பது, அதே பாதி.
சைன் நூற்றைம்பது
(மை தீர்ந்தது, வேறு பேனா எடுத்தேன்)
அரை.

எந்தக் கோணத்துக்குச் சைன் அரை என்று
கால்குலேட்டரைக் கேளுங்கள்.
முப்பது என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும்,
இன்னொரு மகள் இருப்பதை
விருந்தாளியிடம் சொல்லாத வீடுபோல.

நதேலா நம்பவில்லை.
கீல் உடைந்த ஜீப் கதவைக் காட்டினேன்.
கொஞ்சமாகத் திறந்தாலும் சரி,
முன்சக்கரம்வரை மலர்த்திப் போட்டாலும் சரி,
வண்டியின் விலாவிலிருந்து கதவு நுனிக்கு
ஒரே தூரம்.
சாலையிலிருந்து மரத்துக்கும் அப்படித்தான்,
நாற்பது மீட்டர், எவள் நின்று பார்த்தாலும்.
அவள் கதவை மூன்று முறை திறந்து மூடினாள்.

குலிகோ சிரித்தாள். பல் தெரிய, நெடுநேரம்.
அந்தச் சிரிப்பு முடிவதற்குள்
வேலிக் கணக்கைப் படித்துவிட்டேன்.
கொசைன், சைனைப் போலப் பெருந்தன்மையானதல்ல.
தொண்ணூறைத் தாண்டினால் குறி மாறிவிடும்,
கழிப்பதற்குப் பதில் கூட்டச் சொல்லும்.
மரத்திலிருந்து சாலைவரை வெளிவேலி
நதேலாவுக்கு நாற்பத்தொரு மீட்டர்,
குலிகோவுக்கு நூற்று முப்பத்தைந்து.
முள்கம்பி, தூண், குழி தோண்டும் கூலி.

சிரிப்பு இடம் மாறியது.
பரப்பில் சமம் கேட்டவர்
சுற்றளவைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.
நான் என்ன செய்ய? நான் அளக்கிறவள்.

முக்காலியை மடக்கும்போது
"மரம் யாருக்கு?" என்றாள் குலிகோ.
மரம் உச்சிப்புள்ளி என்றேன்.
புள்ளிக்குப் பரப்பு கிடையாது.
"இந்தப் புள்ளி போன வருடம்
எட்டு மூட்டை காய்த்தது."
"ஒன்பது" என்றாள் நதேலா,
காற்றிடம் அல்ல.

ஆகவே நாடாவை எடுத்துக்கொண்டு நடந்தோம்.
சுழியம் உள்ள முனையை
நதேலா பட்டையில் அழுத்திப் பிடித்தாள்.
மறுமுனையோடு குலிகோ சுற்றிப் போனாள்.
மரத்துக்குப் பின்னால் ஒரு கணம் காணவில்லை.
பிறகு அக்காளின் தோளுக்குப் பக்கத்தில்
தலையில் ஒரு காய்ந்த இலையோடு வந்தாள்.

இரண்டு மீட்டர் அறுபத்திரண்டு.

"எழுதிக்கொள்" என்றார்கள்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்.