நாலாவது வளைவு

அட்டையில் முதலில் சிவப்பு ஸ்கெட்ச்சில்தான் எழுதினேன்,
நோ பியோங்சு, தடியாக,
ஜங்ஷன் விளக்கில் தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று.
டிராவல்ஸ் பூங்கோதை பிடுங்கிக் கிழித்தாள்.
இருக்கிறவர் பெயரைச் சிவப்பில் எழுதினால்
கொரியாவில் ஆளையே முடித்துவிட்ட கணக்காம்.
டைப் அடித்த பேப்பர் ஒன்று தந்தாள், இரண்டு பக்கம்.
"மாதையண்ணே, இதை மனப்பாடம் பண்ணுங்க.
ஜவ்வரிசி ஆர்டர் அவர் கையில."

ஒற்றைக் கையால் எதையும் நீட்டாதே.
சோற்றில் கரண்டியை நட்டு வைக்காதே, அது செத்தவருக்கு.
நாலு என்று சொல்லாதே,
அவர்கள் பேச்சில் நாலுக்கும் சாவுக்கும் ஒரே ஓசை.

ஏற்காடு எக்ஸ்பிரஸ் வந்ததே நாலு மணிவாக்கில்.
அதை யாரிடம் போய்ச் சொல்ல?

"சார் பேரு?"
"நோ."
வேண்டாம் என்கிறாரோ என்று
பெட்டியைத் தொடாமல் நின்றேன்.
அவர் குனிந்தார். நானும் குனிந்தேன்.
நிமிர்ந்தால் இன்னும் குனிந்திருந்தார்.
மறுபடி குனிந்தேன்.

வண்டிக்குள் முருகன் முன்னால்
அரை வாழைப்பழத்தில் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது.
சோற்றில் நட்டால் சாவு, பழத்தில் நட்டால் பூஜை,
எனக்குத் தெரியும், அவருக்கு?
பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்தேன்.
பழத்தை நானே தின்றேன்.

அடிவாரம் தாண்டி மலை ஏறினோம்.
இருபது கொண்டை ஊசி, ஒவ்வொன்றுக்கும் பலகை.
நாலை விட்டுவிட்டு எண்ணுகிற சர்க்கார்
எந்த ஊரில் இருக்கிறது?
மூன்று கழிந்ததும் எதிர்ப்பக்கம் கை காட்டி
"குரங்கு! குரங்கு!" என்றேன்.
குரங்கு இல்லை.
பாவம், ஐந்தாவது வளைவு வரைக்கும் தேடினார்.

காலையிலிருந்து ஒன்று கவனித்தேன்:
இடது கை சட்டைப்பையை விட்டு வெளியே வரவில்லை.
காயமோ, பிறவிக் குறையோ,
கேட்பது மரியாதையா என்று பேப்பரில் இல்லை.

ஒண்டிக்கடையில் டீ சொன்னோம்.
போனை என் பக்கம் திருப்பினார்,
உள்ளே ஒரு பெண்குரல் சுத்தத் தமிழில்:
"தங்கள் வயது என்ன?"
ஐம்பத்து நாலு. வாயில் வந்துவிட்டது நாலு.
அவர் ஐம்பத்திரண்டு விரல் கணக்குக் காட்டினார்.
அப்புறம் பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து,
கிளாஸை இரண்டு கையிலும் பிடித்து,
முகத்தை என்னிடமிருந்து திருப்பி
ஒரு மடக்கு குடித்தார்.

"கோவமாண்ணே அந்தாளுக்கு?" என்றான் டீக்கடைப் பையன்.

நம்மூரில் முகத்தைத் திருப்பினால் அதுதானே அர்த்தம்.
இருபத்து மூன்று வருஷமாக என் வண்டியில் ஏறியவர்கள்
திருப்பியிருக்கிறார்கள்,
சாப்பிடும்போது, பேட்டா கேட்கும்போது,
"டிரைவர் அந்தப் பக்கம் உக்காரட்டும்" என்னும்போது.
மூத்தவர் முன்னால் முகம் திருப்பிக் குடிக்க வேண்டும்,
பேப்பரில் இருந்தது. சாராயத்துக்கு என்றுதான் போட்டிருந்தது.
டீக்கு யாரும் எழுதவில்லை.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.
தட்டுவடை செட் ஒன்று சொன்னேன்.

பேப்பரை எடுத்து முன்னால் வைத்தேன், ஒளிப்பானேன்.
போனை அதன்மேல் பிடித்து வாசித்தார்,
வாசிக்க வாசிக்கச் சிரிப்பு.
"என் வீடு நான்காம் மாடி," என்றது பெண்குரல்.
"வாடகை குறைவு."
அவர் பையிலிருந்தும் ஒரு பேப்பர் வந்தது,
நம்மைப் பற்றி.
முதல் வரி: இடது கையால் எதையும் தொடாதே.
அப்போதுதான் அந்தக் கை வெளியே வந்தது,
வியர்த்து, சுருங்கி, ஒரு குறையுமில்லாமல்.

காசு கொடுக்கப் போனால் அவர் பர்ஸை எடுக்கவே இல்லை.
மூத்தவர்தான் கொடுக்க வேண்டுமாம்.
இதை மட்டும் பூங்கோதை எழுத மறந்துவிட்டாள்.
எழுபது ரூபாய்.

இறங்கும்போது எண்கள் பின்னாலிருந்து வந்தன.
ஐந்து முடிந்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து
எதிர்ப்பக்கம் கை காட்டி,
எழுத்தெழுத்தாக,
"கு ர ங் கு" என்றார்.

வண்டியை ஓரங்கட்டினேன்.
குரங்கு இல்லை.
பலகையைப் பார்த்தோம், இரண்டு பேரும்.
பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்தான்.