சஜ்ஜா காவல் நிலையத்தில் பால்துரை சொன்னது

பேரு பால்துரை.
தொழில், கழிவுநீர் லாரி டிரைவர்னு போடுங்க சார்,
பத்தாக்காவுல அதான் இருக்கு.
விண்வெளிக் கடத்தலுக்கு
இன்னும் யாரும் விசா அடிக்கலை.

மொழிபெயர்க்கிற சேட்டா, மெதுவாச் சொல்றேன்.
நேத்து நான் 'நிலாகிட்ட போனோம்'னதை
நீங்க எப்படிச் சொன்னீங்களோ,
சார் அந்தப் பொண்ணோட
ஃபிளாட் நம்பர் கேக்குறாரு.

நிலா, சார். மேல இருக்கே, அது.

யோசனை நெய்னாவோடது.
இந்த ஊரு மணல் காத்துல உருண்டு உருண்டு
வழவழன்னு ஆயிருச்சாம்,
சிமெண்டுக்குப் பிடி கொடுக்காதாம்.
நிலாவுல காத்தே கிடையாது.
ஒவ்வொரு மணலும் உடைஞ்ச கண்ணாடி.
யூனிட்டுக்கு ரெண்டாயிரம் திர்ஹாம்,
கான்ட்ராக்டர் ரெடி.
'மணல் அள்ளின அனுபவம் உண்டா?'ன்னு கேட்டாரு.
தாமிரபரணியைக் கேளுங்கன்னேன்.

வண்டி நம்ம லாரிதான்.
டேங்கர்ல ரெண்டு ராக்கெட் கட்டி
உள்ள மூணு தடவை டெட்டால் ஊத்திக் கழுவினோம்.
மூணும் பத்தலை.
ஆனா ஒண்ணு சார், கழிவு லாரியை
எந்த நாட்டு எல்லையிலயும் யாரும் திறக்கச் சொல்லமாட்டாங்க.
வானத்துலயும் அப்படித்தான்.
ரோந்துக் கப்பல் ஒண்ணு கிட்ட வந்துச்சு,
போர்டைப் படிச்சுச்சு,
மூக்கே இல்லாத அது
மூக்கைப் பொத்திக்கிட்டுப் போச்சு.

ஓட்டினது மெர்சலின்.
முன்ன ஸ்கூல் பஸ் ஓட்டினவ, அதனால
எரிகல் குறுக்க வந்தா
ஸ்டாப் பலகையை நீட்டி நிறுத்துவா.
நஹ்தாவுல இருந்து சஜ்ஜா வர்றதுக்கு
நிலாவே தேவலைன்னா.
வழியெல்லாம் குப்பூஸைப் பிச்சுப் பறக்கவிட்டு
வாயால கவ்விக்கிட்டே போனோம்.
கஃபீலுக்கு மெடிக்கல் லீவு சொல்லியிருந்தேன்,
வயித்துப்போக்கு.

அங்க இறங்கினா
மம்பட்டி இறகு மாதிரி இருக்கு.
ஆறுல ஒரு பங்குதான் கனம்.
நெய்னா அள்ளுறாரு, அள்ளுறாரு,
சிரிச்சுக்கிட்டே அள்ளுறாரு.
'போதும் அண்ணே'ன்னா
'இன்னும் ஒரு மம்பட்டி, எடையே இல்லடா'ங்கிறாரு.
கணக்குல அவரு வீக்.
பூமி நெருங்க நெருங்க
லாபம் கனத்துச்சு.
எமிரேட்ஸ் ரோட்டுல, ஒட்டகம் கடக்குற பலகைக்கு நேரா,
டம்முன்னு இறங்கினோம்.
அச்சு முறிஞ்சுது.
ஒட்டகம் ஒண்ணு திரும்பிப் பார்த்துட்டு
மறுபடி மென்னுச்சு.

உங்க ஆளுங்க வந்தது பிடிக்க இல்லை சார், உதவிக்கு.
தண்ணி பாட்டில் கொடுத்தாங்க.
இழுவை வண்டிக்கு போன் போட்டாங்க.
எல்லாம் நல்லாத்தான் போச்சு,
அந்த நாய் வர்ற வரைக்கும்.

நிலா மணலுக்கு ஒரு வாசம் உண்டு.
தீபாவளிக்கு மறுநாள் காலையில
தெருவுல கிடக்குமே சரவெடிக் குப்பை,
அதே வாசம்.
வெடிமருந்து கண்டா உட்காரணும்னு
அதுக்குப் பாடம்.
உட்கார்ந்திருச்சு.

மூடியைத் திறக்கவும் ஷமால் அடிக்கவும் சரியா இருந்துச்சு.
பதினாறு யூனிட். கால் மணி நேரம்.
இந்த சார்தான் குனிஞ்சு
ஒரு கைப்பிடி எடுத்தாரு,
பார்த்தாரு, கீழ போட்டாரு.
இன்னொரு கைப்பிடி எடுத்தாரு.
சாட்சிப் பையைப் பிரிச்சு வச்சுக்கிட்டு
பாலைவனம் முழுக்கப் பார்த்தாரு பாவம்.

அதனால கேஸ் இல்லைங்கிறீங்க. சந்தோசம்.
அபராதம் மட்டும்தான்:
பொது இடத்துல அழுக்கு வண்டி நிறுத்தினதுக்கு
ஐந்நூறு.
தவணை உண்டா?
மெர்சலின் வெளிய கழுவிக்கிட்டுதான் இருக்கா,
நெய்னா டேங்கருக்குள்ள
இன்னும் கணக்குப் போடுறாரு.

கையெழுத்து எங்க? இங்கயா?

சேட்டா, ஒரு உதவி.
இந்த நாயைக் கொஞ்சம் தள்ளிக் கட்டச் சொல்லுங்க.
வந்ததுல இருந்து
என் ஷூவுக்கு முன்னாடியே
உட்கார்ந்திருக்கு.