கமுதியில் கொஞ்சம் கடல்

தடைக்காலம் தொடங்கிய நாலாம் நாளிலிருந்து
பெயிண்ட் வாசத்தோடு வருவார்கள்
தங்கச்சிமடம் மெயின்ரோட்டில் என் கடைக்கு.
ரீசார்ஜுக்கு அல்ல.
பீடிக்கட்டுக்குள் செருகியோ
பர்ஸில் மாதா படத்துக்குப் பின்னாலோ
ஒரு சுண்டுவிரல் நகம்: ஜி.பி.எஸ். கார்டு.

உப்புப் பூத்திருக்கும்.
ரப்பரால் மெல்லத் தேய்த்து ரீடரில் செருகினால்
பாக் நீரிணை முழுதும்
பதினைந்து அங்குலத் திரையில் வந்து உட்காரும்,
கூட்டமில்லாத பஸ்ஸில் ஏறியவர் மாதிரி.

"மேப்பை விடு தங்கச்சி,
அது கம்பெனிக்காரன் கடல். திரும்ப வாங்கிக்கலாம்.
எங்க புள்ளிய பத்திரமா எடு."

மடி கிழிஞ்ச பார்.
மடி மறுபடி கிழிஞ்ச பார்.
ஏழு பாகம் சேறு.
கணவாய் இரண்டு
(கணவாய் ஒன்று எங்கே என்று கேட்கக் கூடாது).
பெட்டிக்குத் தமிழ் தெரியாது,
ஆங்கில எழுத்தில் பத்தோடு நின்றுவிடும்.
'மாப்பிள்ளை வாந்தி' எடுத்த இடத்தில்
மாப்பிள்ளை மட்டும் நிற்கிறார்.

செய்யது அசனாவின் 'தங்கச் சேறு'ம்
கோட்டைச்சாமியின் 'ஆஸ்பத்திரி செலவு'ம்
ஒரே இடம். இருபது மீட்டர் முன்னே பின்னே.
ஒரே பெஞ்சில் டீ குடித்தபடி
தனித்தனியாகச் சொல்வார்கள்:
"அவன் கண்ணுல காட்டிடாத."

ஒன்று கம்ப்யூட்டரில்.
ஒன்று, திங்கள் செவ்வாய் எழுதிய மாத்திரை டப்பாவில்,
குழிக்கு ஒரு போட்டு.
மூன்றாவது, புயல் வந்தாலும் கடல் வராத ஊரில்:
கமுதியில், அக்கா வீட்டுப் பீரோவில்,
கல்யாணப் பட்டுக்கு அடியில்.
அக்கா போட்டில் ஏறியதே இல்லை.

ஆவணியில் ரெமிஜியூஸ் போட்டைப் பிடித்துவிட்டார்கள்.
மூன்றாம் நாள் பிலோமி வந்தாள்,
கையில் வக்கீல் எழுதிய துண்டுச்சீட்டு.
"கோட்டைத் தாண்டலைன்னு
உன் கம்ப்யூட்டர்ல இருக்குமாமே."

திறந்தேன்.
சிவப்பாக எல்லைக்கோடு.
எறும்பு ஊர்ந்த மாதிரி அவர் போன தடங்கள்,
சில ராத்திரி இந்தப் பக்கம்.
சில ராத்திரியை
நான் வேகமாக நகர்த்தினேன்.
அவள் பார்த்தாளா தெரியவில்லை.
"அந்த ராத்திரி?"

நகல் எடுத்த தேதி ஏப்ரல் பத்தொன்பது.
மாசாமாசம் கொண்டு வாங்க என்று
சுவரில் எழுதித்தான் ஒட்டியிருக்கிறேன்.
"எல்லா ராத்திரியும் இருக்கு அக்கா.
அது மட்டும் இல்ல.
அது பெட்டியிலதான் இருக்கும்."
பெட்டி போட்டில்.
போட்டு காரைநகரில்.

எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள்.
"வீடுன்னு எதையாவது போட்டிருக்காரா?"
இருந்தது. முதல் புள்ளி.
பெரிதாக்கிக் காட்டினேன்.
"இது தண்ணிக்குள்ள இருக்கே."
"ராமேஸ்வரம் ஜெட்டி அக்கா. போட்டு கட்டுற இடம்."
"ஓ" என்றாள்.
சீட்டை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்தாள்.

ஐந்து வாரத்தில் ஆட்கள் வந்தார்கள்,
போட்டு வரவில்லை.
ஐப்பசியில் ஒரு மத்தியானம் ரெமிஜியூஸ்,
மெலிந்து, வேறொருவர் போட்டுக்கு டிரைவராக,
பிரிக்காத புதுக் கார்டோடு.

நானூற்றுப் பன்னிரண்டு புள்ளி.
ஏற்றப் போனேன்.
"இரு" என்றார்.
நாற்காலியை இழுத்துப் போட்டு
ஒவ்வொன்றாகப் பார்த்தார்.
இது வேணும். இது வேணும். இது வேண்டாம்.
"ஓனர் வேற ஆளு பாரு.
பாதி போதும்."
வீட்டைக் கேட்டேன்.
"அது அவன் போட்டுலயே இருக்கும்."

"மீதி?"
"அது பாட்டுக்கு கமுதியிலயே இருக்கட்டும்."

ராத்திரி அக்காவிடம் பேசினேன்.
கண்மாயில் இன்னும் தண்ணீர் ஏறவில்லையாம்.
"பீரோவுக்கு அந்துருண்டை வாங்கியிருக்கேன்,
உன் டப்பா பக்கத்துல வச்சா
அதுக்கு ஒண்ணும் ஆகிடாதுல்ல?"