வாடகை பாக்கி

மாடிவீட்டுக்காரர்கள் மூன்று மாத வாடகையைப் பாக்கி வைத்துவிட்டு
சித்திரையில் ஒரு புதன்கிழமை விடிவதற்குள் கிளம்பிப் போயிருந்தார்கள்.
திருப்பூர் என்றார் பால்காரர். ஈரோடு என்றாள் எதிர்வீட்டு தில்ஷாத்.
மொட்டைமாடியில், தொட்டி நிழல் பாதி நாள் மட்டும் விழுமிடத்தில்
ஒரு கம்பிக் கூண்டு.
உள்ளே அழுக்குப் பஞ்சு என்று நினைத்து
துடைப்பக் கட்டையால் தள்ளினேன்.
பஞ்சு கண்ணைத் திறந்தது.

நகங்கள் வளர்ந்து சுருண்டிருந்தன,
நான் பற்றவைக்கும் கொலுசுக் கண்ணிகளைப் போல.
நான்கு பாதமும் மஞ்சள்.
கால்நடை ஆஸ்பத்திரியில் ஒரு சினைமாட்டுக்கும் சண்டைக்கோழிக்கும் நடுவே
வரிசையில் நின்றேன்.
டாக்டர் எழில்நங்கை நகம் வெட்டினார், பல்லைப் பார்த்தார்.
"வயசு நாலு இருக்கும். பேர்?" என்று பேனாவைத் திறந்தார்.
பாக்கி, என்றேன். வாயில் அதுதான் வந்தது.
எழுதிக்கொண்டார்.

கூண்டைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டேன்.
கூடம் முழுக்க உனக்குத்தான் என்றேன்.
பாக்கி நடுக்கூடத்தில்
நான்கு டைல்ஸ் தூரம் போனாள்,
திரும்பினாள்.
நான்கு டைல்ஸ், திரும்பினாள்.
குறுக்கே இரண்டு.
உழவர் சந்தையில் கிள்ளி எறியும் முள்ளங்கித் தழையை
அதற்கு வெளியே வைத்தால்
காதுகளை மடித்துக்கொண்டு
கழுத்தை மட்டும் நீட்டுவாள்.

வேறு பழக்கங்களும் இருந்தன.
தண்ணீரைக் கிண்ணம் காலியாகும்வரை விடமாட்டாள்.
மார்பு முடியைப் பிய்த்து
வராத குட்டிகளுக்குப் படுக்கை போட்டு
மூன்றாம் நாள் அதன் மேல் தானே உட்கார்ந்துகொள்வாள்.
இரவு ஒன்பதே காலுக்குப் பின்னங்காலால் ஒரே ஒரு அடி, தரையில்.
ஒன்பதே காலுக்கு என்ன? கடிகாரமும் கையுமாகத் திரிந்தேன்.
பொன்னம்மாப்பேட்டை கேட்டைத் தாண்டும் ரயில் ஒன்பது இருபத்தெட்டுக்கு.
தில்ஷாத் வீட்டு சீரியல் ஒன்பதுக்கே முடிகிறது.
இன்றுவரை தெரியவில்லை.
வெள்ளியில் அரம் போடும்போது மட்டும் அசந்து தூங்குவாள்,
எனக்கே பல் கூசும் அந்தச் சத்தத்தில்.

ஆடி மாதம்தான் கவனித்தேன்,
சமையற்கட்டுக்கு நானும் சுற்றிக்கொண்டுதான் போகிறேன்.
இல்லாத கம்பியில் மாட்டிவிடுமென்று
முந்தானையை அள்ளிக்கொள்கிறேன்.
கொலுசு எடுக்க வந்த பட்டறைக்காரரை
அந்தப் பக்கமாக வாங்க என்றேன்.
"ஏன், இங்க என்ன?"
சொல்லத் தெரியாமல் டீ போட்டேன்.

சேர்வராயன்மேல் மழை பிடித்து
ஜன்னலில் குளிர்காற்று வந்த ஆவணியில்
ஐந்தாவது டைல்ஸை மோந்தாள்.
தாடையை அதில் தேய்த்தாள். ஒரு காலை வைத்தாள், எடுத்தாள்.
பிறகு வைத்தாள்.
புரட்டாசியில் ஏழு.
சுவர் பன்னிரண்டில்.

தீபாவளிக்கு முந்தின வாரம் மாடிவீட்டுக்காரர் வந்தார்.
மேலே மாட்டியிருக்கும் ஃபேன் அவருடையதாம்.
செருப்பைக் கழற்றிவிட்டு நேரே நடந்து வந்தார்,
ஒரு கம்பியை மிதித்து, கூண்டுக்குள் நின்று,
என்னைப் பார்த்துச் சிரித்து,
மறு கம்பியை மிதித்து.
பாக்கி மூலைக்கு ஓடினாள்.
மூலை என்றால்
கூடத்தின் நட்டநடு, நான்காவது டைல்ஸின் விளிம்பு.
அங்கே ஒன்றுமில்லாததில் முதுகைச் சாய்த்து
ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

"அட, இது இன்னும் இருக்கா?" என்றார்.
அப்புறம் குரலைத் தாழ்த்தி,
"பாக்கி எவ்வளவுங்க ஆச்சு?"
அவள் ஒரு காதைத் திருப்பினாள்.
எல்லாம் நேராகிவிட்டது, ஃபேனைக் கழற்றிக்கொள்ளுங்கள் என்றேன்.
ஏணியைக்கூடப் பிடித்தேன்.

அன்று ஒன்பதே காலுக்கு அடி விழவில்லை.
ஒன்பதரை வரை பார்த்தேன்.
ரயிலும் போய்விட்டது.
சரி என்று
குதிகாலால் ஒருமுறை தரையைத் தட்டினேன்.
இரண்டு காதும் நிமிர்ந்தன.

இப்போது மறுபடி நான்கு டைல்ஸ்தான்.
இருக்கட்டும். சுவர் பன்னிரண்டில் இருக்கிறது,
அது எங்கே போகப்போகிறது.