பொருளாளர் அறிக்கை

முன்கொணர்ந்த மீதி: நாலாயிரத்து இருநூற்றுப் பத்து ரூபாய்.
ஒரு பற்றுச்சீட்டுப் புத்தகம்.
வந்தாறுமூலை மைதான மூலையில்
வளையம் கழன்ற வலைப்பந்துக் கம்பம் ஒன்று.
கம்பம் கணக்கில் வராது என்றார் கணக்காய்வாளர்.
வரும் ஐயா.
அதில் என் முழங்கைத் தோல் கொஞ்சம் இருக்கிறது.

வரவு.
டோகாவிலிருந்து பேரின்பம், ஐம்பதாயிரம்.
ஸ்காபரோவிலிருந்து ஜெயகௌரி, இருபதாயிரம், இரண்டு தடவை,
இரண்டாவதற்கு ரசீது வேண்டாமாம்.
காத்தான்குடி நௌபீஸ் கடையடைத்த கையோடு
மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்த பதினேழாயிரம்.
தாள்களில் ஏலக்காய் மணந்தது.
பெயர் வேண்டாம் என்ற ஒருவர், ஐயாயிரம்;
கையெழுத்தைத் தெரியும், சொல்லமாட்டேன்.
ஆக, ஒரு லட்சத்துப் பதினாறாயிரத்து இருநூற்றுப் பத்து.

இவ்வளவும் ஜேர்சிக்கென்று வந்த காசு.
எந்த பட்ச்சின் பெயர் முதுகில், எது நெஞ்சில் என்று
மூன்று கிழமை வாட்ஸ்அப்பில் அடிபட்டோம்.
மரூனா கடும் சிவப்பா என்பதில்
இருவர் குழுவை விட்டே போனார்கள்.
(ஒருவர் திரும்பி வந்துவிட்டார்.)

துணி மாதிரியோடு ஒரு புதன்கிழமை போனேன்.
அணித்தலைவி யோகிதா, திருக்கோவில் பிள்ளை,
விரலால் தடவிப் பார்த்தாள்.
நல்ல துணி அக்கா, என்றாள்.
பிறகு மணிக்கூட்டைப் பார்த்தாள்.
விடுதி கிடைக்காத நாலு பேர்
சித்தாண்டியிலும் ஏறாவூரிலும் வாடகை அறையில்.
லெக்சர் முடிய ஐந்து. இருட்ட ஆறேகால்.
"பாதி நேரம் ஓடுறம் அக்கா,
பந்துக்கு இல்ல, பஸ்ஸுக்கு."

துணியை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

சபையோரே, உங்களில் சிலருக்கு நினைவிருக்கும்.
எங்கள் காலத்தில் மூன்றரைக்கே பந்தைக் கட்டிவிடுவோம்.
சாவடி மூடுமுன் தாண்ட வேண்டும்.
வலைப்பந்துக்கு நாலு கால்பகுதி.
நாங்கள் பழகியது மூன்று.
வெளியூர் போய் மூன்றிலும் முந்தி நின்று
நாலாவதில் கால் சோர்ந்து
தோற்றுத் தோற்று வந்தோம்.
மனத்தைரியம் போதாது என்றார்கள்.
மனம் அல்ல, மணி.

செலவு.
மின்விளக்கு இரண்டும் கம்பியும்: முப்பத்தெட்டாயிரத்து நானூறு.
புது வளையம்: ஆறாயிரத்து ஐநூறு.
பெற்றோல், மூன்று மாதம்: ஐம்பத்தீராயிரம்.
ஜேர்சி: இல்லை.

பெற்றோல் யாருக்கு என்று கேட்பீர்கள்.
திங்கள் கிருபைராசாவின் ஓட்டோ, ஏறாவூர்ப் பக்கம்.
அந்த நாளில் எங்கள் ஆட்டத்துக்கு வந்து
எதிரணிக்குக் கைதட்டிய அதே கிருபைராசா.
செவ்வாயும் வியாழனும் நௌபீஸின் தங்கை சிஹாராவின் கார்.
புதன் என் ஸ்கூட்டி, சித்தாண்டிக்கு.
யோகிதா பின்னால், பந்து எங்கள் இருவருக்கும் நடுவில்.
பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம்
அது என் முதுகெலும்பில் ஒரு தட்டுத் தட்டும்.
பழைய கதை எதுவும் நான் சொன்னதில்லை.
அவளும் கேட்டதில்லை.
ஒருநாள் மாத்திரம், விங் டிபென்ஸா அக்கா நீங்க, என்றாள்.
எப்படித் தெரியும்?
வளைவில வலப்பக்கம் பார்த்துக்கொண்டே போறீங்க.

விளக்கு எரியும் படத்தைக் குழுவில் போட்டேன்.
எங்கே என் பெயர், என்று கேட்டார் பேரின்பம்.
வெளிச்சத்தில் பூச்சிகள்தான் தெரிந்தன.
எண்ணிப் பாருங்கள் அண்ணே, அதில் ஒன்று உங்களது என்றேன்.
அரைநாள் பதில் இல்லை.
பிறகு, மூன்றாவது விளக்குக்கு எவ்வளவு? என்று வந்தது.
அது அடுத்த ஆண்டுக் கணக்கு.

பெறுபேறும் சொல்ல வேண்டும்.
பேராதனையில் அரையிறுதி.
கழுவி வெளுத்த பழைய சட்டையோடு இறங்கினார்கள்.
இரண்டு கோலால் தோல்வி.
ஆனால் புள்ளித்தாளை நான் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்,
பின்னிணைப்பு மூன்று, தயவுசெய்து பார்க்கவும்:
நாலாம் கால்பகுதி,
பதினொன்றுக்கு எட்டு.
பதினொன்று எங்களுடையது.

கையிருப்பு: பத்தொன்பதாயிரத்து முந்நூற்றுப் பத்து.
மாசி நடுப்பகுதி வரை பெற்றோலுக்குக் காணும்.
வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஆளில்லை.
அறிக்கையை ஏற்றுக்கொள்வதாக
யாராவது முன்மொழியுங்கள்.
கை தூக்குபவரிடம்
வண்டி இருக்கிறதா என்றும் கேட்பேன்.